ஜூலையில் அறுத்த சரிவு

– கேக்காம என் சரிவுல மிஷினை ஏத்துனியா இல்லையா மாக்னஸ்? அதை மட்டும் சொல்லு.

– ஏத்துனேன். இந்தா பாரு ஸென்ஸி, பக்கத்து வீட்டுக்காரன்னா அப்படித்தான். நீ ரெண்டு நாள் ஊர்ல இல்ல. உன் புருஷன் முட்டி வீங்கிக் கிடக்கான். புல்லு இடுப்பு வரைக்கும் நிக்குது. அறுத்துக் குடுத்தா நன்றி சொல்லணும், வாசல்ல வந்து கத்தக் கூடாது.

– ஜூலையில எவன்டா அங்க அறுப்பான்? வருஷத்துக்கு ஒரே அறுப்பு, அதுவும் செப்டம்பர்லதான்னு இந்தக் கெம்ப்டன் பக்கம் மாட்டுக்குக்கூடத் தெரியும்!

– என் நிலத்துல இந்நேரம் மூணாவது அறுப்பே முடிஞ்சாச்சு.

– உன் நிலத்தைப் பத்திப் பேசாத. சாணித் தண்ணியா ஊத்தி ஊத்திப் பச்சையா வச்சிருக்க, அதுல ஒரு பூ உண்டா? ஒரு பட்டாம்பூச்சி இறங்குமா?

– பட்டாம்பூச்சியைக் கறந்தா பால் வரும்னா சொல்லு, நாளைக்கே வளக்குறேன். எனக்கு அறுபது மாடு வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது.

– கருஞ்செவப்பா குண்டு குண்டாப் பூத்திருந்துச்சே, கண்ணு தெரியலையா? அந்தக் கருநீலப் பட்டாம்பூச்சி அதுல மட்டும்தான் முட்டை வைக்கும். அதைத்தான் இப்ப உன் தொழுவத்துல மாடு மென்னுக்கிட்டு இருக்கு. இந்தப் பள்ளத்தாக்குல அதுக்கு மிச்சம் இருந்ததே என் சரிவு ஒண்ணுதான்டா, பாவி!

– ஸென்ஸி, விடு. உள்ள வா, காப்பி ஆறுது.

– நீ சும்மா இரு வெண்டலின். ஜன்னல் பக்கத்துலதானே உக்காந்திருந்த? ஒரு சத்தம் போட்டிருக்கலாம்ல?

– முட்டி வலி...

– முட்டி வலின்னா வாயுமா வலிக்குது?

– அவனை ஏன் திட்டுற?

– நீ பேசாத. அடுத்த வாரம் பூச்சியைக் கணக்கெடுக்க ஆள் வருது. அது இல்லைன்னா, அதைக் காப்பாத்துறதுக்குக் காசு குடுக்குற அரசாங்க ஒப்பந்தம் போச்சு. அப்புறம் சரிவைக் குத்தகைக்குக் கேட்டு முதல் ஆளா நீதான் வந்து நிப்ப. அதுக்குத்தானே இந்த உபகாரம்? திருட்டுப் பய!

– யாரைத் திருடன்ங்குற? டேய் வெண்டலின், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

– மாக்னஸ், வேணாம்...

– என்னத்தைச் சொல்றது?

– நான்தான் அறுக்கச் சொன்னேன், ஸென்ஸி.

– என்ன?

– பூச்சி இருந்தா இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுருவ. பெரிய மிஷின் கூடாது, கையால அறுத்துக் கையால வாரணும்னு அதுல இருக்கு. புல்லை வாருறது யாரு? நான். செப்டம்பர் பூரா அந்தச் சரிவுல குனிஞ்சே கிடக்குறேன். முடியலைன்னு எத்தனை தடவை சொன்னேன்? உனக்கு அந்தப் பூச்சிதான் பெருசு. நான் இல்ல.

– கேட்டியா? இப்ப யாரு திருடன்?

– நீ போ மாக்னஸ்.

– மன்னிப்புக் கேட்டுட்டுப் பேசு.

– போடான்னேன்ல!

– போறேன், போறேன். உங்க வீட்டுப் பக்கமே இனி வரல.

– ஸென்ஸி... என்னைத் திட்டணும்னா திட்டு.

– ரெண்டு நாள் எங்க போயிருந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டியா நீ? மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு இருந்த தங்கச்சி வீட்டு வாசல்ல போய் நின்னேன். அழுது, கெஞ்சி, வருஷா வருஷம் செப்டம்பர் அறுப்புக்கு அவ ரெண்டு பசங்களையும் கேட்டு வாங்கிட்டு வந்தேன். இனிமே நீ அந்தச் சரிவுல கால் வைக்கவே வேண்டாம்னு சொல்லத்தான் ஓடி வந்தேன்.