தாளின் அடியில் இருந்த எண்

டீ போதும் ஐயா, நான் சர்க்கரை கம்மியாகத்தான் குடிப்பேன்.

வினோதினி எங்கள் கடைக்கு வருவாளா என்று கேட்டீர்கள். வருவாள். 2002 ஆவணியில் தொடங்கி தை வரைக்கும் வியாழக்கிழமைதோறும் வந்தாள். அவள் பெட்டியில் இருந்த தாள்களில் இருப்பது எங்கள் கடை முத்திரைதான். நீங்கள் கேட்டது இவ்வளவுதான். இத்தோடு நான் எழுந்து போய்விடலாம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ஒரு பெண் கிணற்றில் கிடந்தால் கோட்டாட்சியர் விசாரணை புருஷனைத்தான் சுற்றி வரும். அருள்ராஜ் நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அவர் கைக்கு அவள் எப்படிப் போனாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

செங்கம் சாலையில் இருக்கும் அந்த இணைய மையம் கண்ணாயிரம் அண்ணனுடையது. பார்த்துக்கொள்வது நான். ஆள் வராத நேரத்தில் நாவல் படிப்பேன், பெரும்பாலும் மொழிபெயர்ப்புகள். பனி கொட்டும் ஊர்கள், ரயில் நிலையத்தில் பெட்டியோடு தனியாக நிற்கும் பெண்கள். படித்துக்கொண்டிருந்தால் வெளியே அடிக்கும் வெயில் தெரியாது.

ஒருநாள் அண்ணன் கோபமாக வந்தார்.

"மூர்த்தி, அந்த வெள்ளக்காரம்மா எழுந்து போனதும் அடுத்து உக்காந்தவன் அது மெயில்ல பூந்து படிச்சிட்டானாம்டா. ரோட்டுல நிக்க வச்சு என் மானத்த வாங்கிட்டுப் போவுது. எதனா பண்ணு."

இணையதளம் நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள நம் கணினியில் ஒரு சிறு குறிப்பைப் போட்டுவைக்கும். அதற்குக் குக்கி என்று பெயர். அடுத்து உட்காருபவன் அந்தக் குறிப்போடுதான் உள்ளே போகிறான். ஆகவே எல்லாக் கணினியிலும் குக்கியை வாங்காதபடி செய்துவைத்தேன். அண்ணன் எனக்கு முட்டை பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு சில தளங்கள் திறக்கவே இல்லை. சில தளங்கள் வேறு வழி வைத்திருந்தன. கோயில் வாசலில் செருப்பு விடுகிற இடத்தில் டோக்கன் கொடுப்பார்களே, அதை வாங்க மறுப்பவன் நெற்றியில் டோக்கன் எண்ணை எழுதி அனுப்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். நுழைந்தவருடைய எண்ணைப் பக்கத்தின் முகவரியிலேயே நீளமாக ஒட்டிவிடும். அந்த எண்ணோடு யார் வந்தாலும் அந்தத் தளத்துக்கு அவர்தான் இவர். கடவுச்சொல் கேட்காது.

வினோதினி நர்சிங் முடித்தவள், ஊர் அடி அண்ணாமலை. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஆளெடுக்கும் தளம் ஒன்றில்தான் எல்லாம். பதிலும் அதற்குள் இருக்கும் பெட்டிக்குத்தான் வரும். அவள் அப்பா இராமலிங்கம் தைக்குள் வேலை வந்தால் போகலாம், இல்லாவிட்டால் கீழ்பென்னாத்தூர் அத்தை மகன் அருள்ராஜுக்குத்தான் என்று முடிவாகச் சொல்லியிருந்தார். அருள்ராஜ் குடித்துவிட்டு அம்மாவையே அடித்தவர் என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

வாராவாரம் அந்தப் பக்கத்தை அச்செடுத்துத் தரச் சொல்வாள்.

"எதுக்கும்மா, ஒரே பக்கம்தானே?"

"எங்கப்பா பேப்பர்ல இருந்தாதான் நம்புவாருண்ணா. கம்ப்யூட்டர்ல வந்திருக்குதுன்னா, சினிமாலகூடத்தான் மழ பேயுது, நீ நனைஞ்சியான்னு கேப்பாரு."

சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். எல்லோரையும் அப்படித்தான்.

அச்சுத் தாளின் அடியில் பக்கத்தின் முகவரியும், அதில் ஒட்டிய அவள் எண்ணோடு, பொடி எழுத்தில் விழும். மை மங்கி வீணான ஒரு தாள் என் மேசையில் தங்கிவிட்டது. வெளியேறும் பொத்தானை அழுத்தினால்தான் அந்த எண் செல்லாமல் போகும். அவள் அதை அழுத்தியதே இல்லை, திரையில் இருக்கும் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தேன். 'வருக வினோதினி' என்றது. உடனே மூடிவிட்டேன். மத்தியானம் மறுபடி திறந்தேன்.

ஏன் இந்த வேலை வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தாள். கடல் பார்த்ததில்லை, இரவுப் பணி பிடிக்கும், தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பது பிடிக்கும் என்று. ஆங்கிலம் சுமார்தான். ஆனால் அத்தனை நாவல்களில் நான் தேடிய பெண் அந்தப் பக்கத்தில் இருந்தாள். அடுத்தவர் எழுதியதைப் படித்தது தவறு. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளைக்காரம்மாவின் மெயிலைப் படித்தவனை நானே கேவலமாகப் பேசியிருக்கிறேன்.

கார்த்திகையில் மருத்துவமனையிடமிருந்து பதில் வந்தது. வேலை தருவதாக. அவளுக்கு முன்னால் நான்தான் பார்த்தேன்.

ஐயா, அந்த ஊர்களைப் பற்றி நான் படித்திருக்கிறேன். அங்கே தனியாகப் போகிற பெண்களுக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். வாடகை அறை, இருமல், பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை. நல்ல முடிவு வந்த ஒரு கதைகூட நான் படித்ததில்லை. அவளுக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. குடும்பச் சூழ்நிலையால் வர இயலவில்லை என்று அவள் பெயரில் எழுதினேன். மரியாதையாகவே எழுதினேன். வந்ததையும் போனதையும் அழித்தேன். அந்த வியாழக்கிழமை அவள் வந்து காலிப் பெட்டியைப் பார்த்தாள், அச்செடுத்துக்கொண்டு போனாள். அருள்ராஜ் ஞாபகம் அப்போது எனக்கு வரவில்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது. தை வர நாளிருக்கிறது, வேறு இடம் கிடைக்கும், பக்கத்தில் வேலூரிலோ எங்கோ, வியாழக்கிழமை வந்துபோகிற தூரத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணப் பத்திரிகையைக் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்களும் எவ்ளோ பாத்தீங்கண்ணா, என் நேரம்" என்றாள். போய்ச் சாப்பிட்டேன். அந்தப் பந்தியில் இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கினேன். ஐயா, மற்றதைவிட இதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் ஏதோ ஒரு நிமிடப் புத்தி தடுமாற்றம் என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள்.

மார்கழியில் மருத்துவமனை மறுபடியும் எழுதியது. உங்கள் விண்ணப்பம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, இடத்தைக் காலியாகவே வைத்திருக்கிறோம், உறுதியாகத்தான் மறுக்கிறீர்களா என்று. அது ஒரு வியாழக்கிழமை. அவள் மூன்றாவது கணினியில் உட்கார்ந்திருந்தாள். இணைப்பு மெதுவாக இருந்ததால் பக்கம் திறக்கவில்லை. என் மேசையில் திறந்துவிட்டது. நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு, உறுதியாகத்தான் என்று எழுதி அனுப்பிவிட்டு, இரண்டையும் அழித்தேன்.

அவள் தலையைத் திருப்பிக் கேட்டாள், "வருமாண்ணா?"

"வரும்மா" என்றேன். வந்திருந்ததே ஐயா, அதனால் அதைப் பொய் என்று நான் கணக்கில் வைக்கவில்லை.