வேம்புலிக்காக

அண்ணனுக்குச் சவரம் செய்துவிடுவது மட்டும் எனக்குக் கடைசிவரை கைவரவில்லை, ஐயா. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதால் அந்த மடிப்பில் மயிர் நின்றுவிடும். மற்றதெல்லாம் செய்தேன். தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

அண்ணன் வேம்புலி, பாடி பக்கம் லாரிக்கு மூட்டை ஏற்றிய உடம்பு. பக்கவாதத்தில் கை விழுந்ததும், நசரத்பேட்டை மனையை விற்க எனக்கு பவர் எழுதிக்கொடுத்தான். பவர் என்றால் அவனுக்காக நான். 'வேம்புலிக்காக' என்று எழுதி என் கையெழுத்தைப் போடுவேன். அவன் குழறுவதும் எனக்கு மட்டும்தான் புரியும். அண்ணி கன்னியம்மா குத்தலாகச் சொல்வாள்: "எங்க ஊட்டுக்காரருக்குப் பசிக்குதான்னு கூட உன்னத்தான் கேக்கணும்."

மனையை என் மனைவி சுசீலா பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்தேன். வெளியாளுக்குப் போகக்கூடாது என்றுதான். மகள் பிரசவத்துக்குப் போயிருந்த அண்ணியை இதற்காக அலைக்கழிக்கவில்லை. அண்ணன் உயிரோடிருப்பதாக டாக்டர் சான்றும் வாங்கியாயிற்று. திங்கட்கிழமை பதிவு. பத்திரம் எழுதுகிறவர் ஒன்று சொல்லியிருந்தார்: "ஆளு செத்துப் பூட்டா பவரும் பூடும், நைனா. அப்பால சொத்து பொண்டாட்டி, புள்ளைக்குத்தான்."

ஞாயிறு மத்தியானம் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, தாங்காது. ஆஸ்பத்திரியில் செத்தால் நேரம் அவர்கள் எழுதுவது. வீட்டில் செத்தால் நாம் சொல்வது.

பக்கத்து வீட்டு ஆக்னஸ் அக்கா ஓடிவந்தது. என் லோடு வண்டி வாசலில்தான் நின்றது. அண்ணன் குழறினான்.

"இன்னா சொல்றாரு உங்க அண்ணன்?"

"ஆஸ்பத்திரி வாணாமாம்க்கா. ஊட்லயே கீறேன்றான்."

அக்கா அவன் காலைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். பொழுது சாய்வதற்குள் மூச்சு அடங்கிவிட்டது.

திங்கள் காலை மின்விசிறியைப் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போய்க் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வந்த பிறகுதான் அழுதேன், இப்போதுதான் உயிர் போனது என்று. குளிப்பாட்ட வந்தவர்கள் கையை மடக்கப் பார்த்தார்கள், மடங்கவில்லை. அவர்கள்தான் ஸ்டேஷனில் உங்களிடம் சொல்லியிருப்பார்கள்.

கடைசியாக என்ன சொன்னார் என்று அண்ணி என்னைத்தான் கேட்டாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்: "தம்பி, ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போடா."

நான்தான் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அண்ணன் என்னை மன்னித்துவிட்டான், ஐயா. அதையும் எழுதுங்கள். அவனுக்காக நான் கையெழுத்துப் போடுகிறேன்.