சாவு ஒப்பந்தம், இருபத்துநான்கு மாதம்

செத்துப்போன கணவரோடு மாதம் அறுபது நிமிடம் பேச என் கடையில் நூற்று இருபத்தெட்டு டாலர். இதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது. ஆரம்பத்தில் வேறு எங்கும் கிடைக்கவே இல்லை. உட்கார்ந்து சொல்லலாமா, மேடம்? நன்றி. தேநீரில் பால் கொஞ்சம் தூக்கல். காவல் நிலையத் தேநீர் என்று பார்த்தால் குறை சொல்ல முடியாது.

பெயர் மோக் சீ-கின். வயது ஐம்பத்தெட்டு. ஷாம் ஷுய் போ வட்டாரத்தில் காகிதக் கடை வைத்திருக்கிறேன். செத்தவர்களுக்கு எரித்து அனுப்புகிற காகித வீடு, காகிதக் கார், காகிதக் கோட்டு, கட்டுக்கட்டாகக் காகிதப் பணம், எல்லாம் உண்டு. அப்பா உலர்மீன் மொத்த வியாபாரி. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கோழியின் கடைசித் துண்டுக்குக்கூடப் பேரம் நடக்கும். அம்மாதான் பெரும்பாலும் ஜெயிப்பாள்.

காகிதக் கைபேசி என் கண்டுபிடிப்பு இல்லை. எங்கள் தெருவில் ஐந்து கடைகளில் தொங்குகிறது, சார்ஜரோடு. ஆனால் கைபேசியை ஒருமுறை விற்றால் விற்றதுதான். வாங்கியவர் அடுத்த கல்லறைத் திருநாளுக்குத்தான் திரும்புவார். இது எனக்கு வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

வழி தெரிந்தது ஓர் இணையக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையோடு பேசிக்கொண்டிருந்தபோது. பேசிக்கொண்டிருந்தேன் என்பது சரியில்லை, லைனில் காத்திருந்து பியானோ கேட்டுக்கொண்டிருந்தேன். நடைபாதையில் பதாகை நட்டு நின்ற ஒரு பெண், இலவசக் குடை ஒன்றைக் கொடுத்துக் கடைக்கு இணைய இணைப்பு எழுதி வாங்கிக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது, எங்கள் கட்டடத்துக்கு அவர்களுடைய கம்பியே வரவில்லை. நாற்பத்தேழு நிமிடப் பியானோவுக்குப் பிறகு ஒரு பெண் குரல் வந்தது. மிக மரியாதையான பெண்.

"இணைப்புதான் அங்கிள் இன்னும் வரலை. ஒப்பந்தம் வந்திருச்சு" என்றாள்.

என்னை எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன்.

"சாவு ஒப்பந்தம் அங்கிள். இருபத்துநாலு மாசம். நடுவுல விடணும்னா, கையெழுத்துப் போட்டவர் இறந்துட்டாருன்னு சான்றிதழ் கொண்டுவரணும். நீங்களே கொண்டுவர முடியாது, வேற யாராவது வரணும்."

உங்களுக்குத் தெரியாததில்லை, வாக்குமூலத்தில் இருக்கட்டும் என்று சொல்கிறேன்: கெடு முடியும்வரை வெளியேற முடியாத ஒப்பந்தத்தை எங்கள் ஊரில் சாவு ஒப்பந்தம் என்போம். கெடு முடிந்து, இஷ்டம்போல் விட்டுப் போகலாம் என்று மாதாமாதம் ஓடுவது உயிர் ஒப்பந்தம். எல்லோரும் சொல்கிற சொல்தான், யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அன்றைக்கு நான் கேட்டேன். இவ்வளவு பெரிய கம்பெனி, இத்தனை வக்கீல்கள், இப்படி ஓர் ஓட்டையை விட்டிருக்கிறார்களே என்று வருத்தமாக இருந்தது. வாடிக்கையாளர் செத்தால் கையைவிட்டுப் போய்விடுகிறார். முதலிலேயே செத்தவரைப் பிடித்தால் எங்கே போவார்?

அடுத்த வாரம் சிம் அட்டை அச்சிட்டேன். அதைக் காகிதக் கைபேசிக்குள் வைத்துத் தெருவோரத் தகர டப்பாவில் எரித்துவிட வேண்டும். பிறகு என் கடையின் பின்பக்கம், மரத் தடுப்புக்குள் இருக்கும் சிவப்பு போனில் வந்து பேசலாம். இங்கே பேசுவது அங்கே கேட்கும். அங்கே பேசுவது இங்கே கேட்பது வேறு பிளான். விலைப் பட்டியலில் அதற்கு எதிரே 'விரைவில்' என்று போட்டிருந்தேன்.

மற்றக் கம்பெனிகள் அதிர்ஷ்டம் என்று எட்டு நிறைந்த எண்களை அதிக விலைக்கு விற்கும். நான் நான்கு நிறைந்த எண்களை விற்றேன். எங்கள் மொழியில் நான்கு என்று சொன்னாலே சாவு என்று காதில் விழுகிறது என்பதற்காக மின்தூக்கியில் நான்காம் மாடியையே எடுத்துவிடுகிற ஊர் இது. இவ்வளவு நல்ல எண்ணை யாரும் தொடாமல் வைத்திருந்தார்கள். நான்கு ஆறு தடவை வரிசையாக வரும் எண்ணை ஒரு நகைக் கடைக்காரர் தன் தகப்பனாருக்கு ஆறாயிரம் டாலருக்கு எடுத்தார். உயிரோடு இருந்தபோது அப்பாவுக்கு எதுவுமே வாங்கித் தந்ததில்லை என்று அழுதார். மேலும் ஐந்நூறு கேட்டிருக்கலாம்.

புகார் சொல்லத் தனி எண்ணும் வைத்தேன். என் மைத்துனி குரலில் பதிவு செய்தது. பெற்றோர் என்றால் ஒன்றை அழுத்தவும், துணை என்றால் இரண்டு, கடனைத் திருப்பித் தராமல் செத்தவர் என்றால் மூன்று. மூன்றாவது எப்போதும் நெரிசல். பியானோ வைக்கவில்லை. இழவு வீட்டில் வாசிக்கிற நாயன இசை வைத்தேன், வாடிக்கையாளர்களுக்குப் பழகியதாக இருக்கட்டும் என்று.

யாருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று உங்கள் ஆள் கேட்டார். எப்படி வரும், மேடம்? பேசினால் பதில் வராது, புகார் சொன்னால் பாட்டு வரும், மாதம் பிறந்தால் பில் வரும். எல்லாம் உண்மையான கம்பெனி மாதிரியே இருந்தது. அப்பாவிடமிருந்து சத்தமே வரவில்லை என்று ஒரு டாக்சிக்காரர் வந்து சொன்னார். அந்தப் பக்கம் சிக்னல் கோபுர வேலை நடக்கிறது என்றேன். "எங்க வீட்டு போனுக்கும் கம்பெனில அதேதான் சொல்றாங்க" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போது பூன் அக்கா. நீங்கள் அவரைப் பற்றித்தான் கேட்கக் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

பெய்ஹோ தெருச் சந்தையில் மீன் கடை. கழுத்துவரை ரப்பர் ஏப்ரன், முழங்கால்வரை பூட்ஸ். அக்கா விலை சொன்னால் அடுத்த தெருவில் பேரம் நின்றுவிடும். கணவர் பூன் கா-லோக் ஐஸ் உடைப்பார், மற்ற நேரம் என் கடை வாசலில் உட்கார்ந்து குதிரைப் பந்தயப் பக்கம் படிப்பார். பேசுவதற்கு முன் இரண்டு முறை இருமுவார். நல்ல மனிதர். என் நாற்காலி ஒன்றை உடைத்திருக்கிறார்.

அவர்கள் முப்பத்தோரு வருடம் சண்டை போட்டார்கள். கடைசி வார்த்தை எப்போதும் அக்காவுடையது. ஒரு நாள் பூன் நடைபாதைப் பதாகைக்காரியிடம் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு இரண்டாவதாக ஓர் இணைய இணைப்பும் ஓர் இலவச ரைஸ் குக்கரும் வாங்கி வந்துவிட்டார். முதல் இணைப்பே ஓடவில்லை. மறுநாள் காலை சண்டை. நீதானே ஓசிக் குக்கர் வேண்டும் என்று கேட்டாய் என்று சொல்லி, அக்கா வாய் திறப்பதற்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ரத்து செய்வதற்காகக் கம்பெனியின் சேவை மையத்துக்குப் போனார். டோக்கன் எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் எண்ணை மூன்று முறை கூப்பிட்டுவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வார்த்தை அவருடையதாகப் போய்விட்டது. அக்காவால் தாங்க முடியாதது அதுதான். அதை மட்டும் திருப்பிச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் என்னிடம் வந்தார்.

நான் ஒப்பந்தத்தை விளக்கினேன். முதல் இருபத்துநான்கு மாதம் சாவு ஒப்பந்தம், அதன் பிறகு உயிர் ஒப்பந்தம்.

"அப்படின்னா இருபத்துநாலு மாசம் கழிச்சு உயிர் வருமா?" என்றார்.

"ஆமாக்கா" என்றேன். கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

அவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். செத்தவர் செத்தவராகவே இருக்கிற காலத்துக்குச் சாவு ஒப்பந்தம், அது உயிர் ஒப்பந்தமானால் அவர் வாய் திறப்பார். பேனாவை இறுகப் பிடித்து மிகக் கவனமாகக் கையெழுத்துப் போட்டார். நான் திருத்தவில்லை. வாங்குபவர் சந்தோஷமாக இருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது என்று எங்கள் வீட்டில் வளர்த்துவிட்டார்கள்.

வாராவாரம் வந்தார். மீன் விலை, ஒழுகுகிற ஏசி, வாடகையை ஏற்றிய வீட்டுக்காரன், எல்லாவற்றையும் சொல்வார். முடிக்கும்போது ஒவ்வொரு முறையும் "குக்கர் நான் கேக்கலை" என்பார். பிறகு காதில் வைத்தபடியே கொஞ்ச நேரம் இருப்பார். அந்த நேரத்துக்கும் நிமிடக் கணக்கு உண்டு.

எனக்கு எப்படித் தெரியுமென்றால், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சேவைத் தரத்தை உயர்த்துவதற்காக உரையாடல்கள் கண்காணிக்கப்படலாம், பதினெட்டாம் விதி. தடுப்புக்கு மறுபக்கம், சாமி மாடத்துக்குப் பின்னால் இன்னொரு ரிசீவர் இருக்கிறது.

இருபத்துநான்கு மாதம் முடிந்த அன்று, நேற்றுதான், மதியம் கடையைக் கழுவிவிட்டு வந்தார். பூட்ஸ் இல்லை. ஊதாப் பட்டு ஜாக்கெட் போட்டிருந்தார், முடி அலங்காரம் செய்துகொண்டிருந்தார். அவரிடம் மீன் வாசனை இல்லாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இன்னைக்கு உயிர் ஒப்பந்தம் ஆகுதுல்ல தம்பி. இன்னைக்கு அந்த மனுசன் பேசுவாரு" என்றார்.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நினைத்துப் பார்க்கவும் செய்தேன், ஏறக்குறைய நான்கு விநாடி. ஆனால் சாவு ஒப்பந்தம் முடிந்த வாடிக்கையாளர் எந்த நிமிடமும் கையைவிட்டுப் போகக்கூடியவர். எதிர்க்கடைக்காரன் ஔ போன மாதம் இதே தொழிலை ஆரம்பித்திருந்தான். முதல் மூன்று மாதம் இலவசம், செத்தவரின் எண்ணை மாற்றாமலே அவனிடம் மாறிக்கொள்ளலாம் என்று பலகை வேறு. அப்படிப்பட்ட ஆட்கள் இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்கள், மேடம்.

ஆகவே சாமி மாடத்துக்குப் பின்னால் போனேன்.

"யோவ். கேக்குதா?" என்றார் அக்கா.

இரண்டு முறை இருமினேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, "சாப்ட்டியா?" என்றார். ஆச்சு என்றேன்.

"குக்கர் நான் கேக்கலை."

நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும், இப்போது புரிகிறது. ஆனால் அவர் விடவில்லை. "யாரு கேட்டது? வாயைத் திறந்து சொல்லுய்யா."

வந்தவரைத் திருப்தியோடு அனுப்ப வேண்டும் என்பது தவிர என் மனதில் ஒன்றுமில்லை. "நான்தான் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி. தப்பு என் மேலதான்" என்றேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நன்றாக எடுபட்டிருக்கிறது என்று நினைத்து, "இன்னொரு இருபத்துநாலு மாசம் போட்டா மாசம் பத்து டாலர் குறைக்கிறாங்களாம், போட்டுடேன்" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

போனை மெதுவாக வைத்துவிட்டு வெளியே வந்தார். கண் ஈரமாக இருந்தது. காலையெல்லாம் ஐஸில் நிற்கிறவர்களுக்கு அது சகஜம்.

"முப்பத்தோரு வருசத்துல தப்பு என் மேலன்னு ஒரு தடவை சொன்னதில்லை தம்பி. செத்துட்டா மட்டும் சொல்லிடுவாரா? ரத்து பண்ணிடு."

என்னால் முடிந்ததெல்லாம் செய்தேன். பத்து டாலர் தள்ளுபடியைப் பதினைந்தாக்கினேன். நான்கு மட்டுமே உள்ள எண் தருவதாகச் சொன்னேன். கடைசியில், கூடவே ஒரு ரைஸ் குக்கர் இலவசம் என்றேன், காகிதத்தில், மூடி திறந்து மூடக்கூடியது. அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேரத்தில் அக்கா பேசாமல் நின்று நான் பார்த்ததில்லை. ஆகவே ஒத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

ரத்து என்றால் ரத்துதான் என்றார். பிறகு விதியைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"இணைப்பு யார் பேருல இருக்கோ அவரே நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்கா. அடையாள அட்டையோட."

"அவரா?"

"அவரேதான்."

"அவரு வந்துட்டா நான் எதுக்குடா ரத்து பண்ணப்போறேன்?" என்றார். பட்டு ஜாக்கெட்டின் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

அந்தக் குரல் என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். அக்காவின் எண்ணம் தவறு என்று முதல் நாளிலிருந்தே தெரியும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். மோசடி என்று மட்டும் எழுதாதீர்கள். ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்கிறதே, என் வாடிக்கையாளர்கள், முந்நூறு பேர் இருப்பார்கள். இவன் ஏமாற்றுக்காரன் என்று உங்கள் ஆள் போய்ச் சொன்னாராம். எந்தக் கம்பெனிக்காரன் ஏமாற்றவில்லை, அது இருக்கட்டும், இணைப்பு எப்போது திரும்ப வரும் என்று கேட்டார்களாம். என்னை எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

அக்காவின் கணக்கை மட்டும் ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள், இதில் நான் ஒரு செண்ட் முன்பின் வைத்தவன் இல்லை. இருபத்துநான்கு மாதக் கட்டணம் மூவாயிரத்து எழுபத்திரண்டு டாலர், பெற்றுக்கொண்டேன். தந்த நிமிடம் ஆயிரத்து நானூற்று நாற்பது. பேசியது ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று. பேசாத நாற்பத்தொன்பது காலாவதி. மறுபக்கத்திலிருந்து பதில் ஒருமுறை, இரண்டு நிமிடம்; மனிதாபிமானத்தில் அதற்குக் கட்டணம் போடவில்லை. காகிதக் குக்கர் ஒன்று, இலவசம், எடுத்துப் போகவில்லை. பின்பக்கப் பொடி எழுத்து விதிப்படி, முப்பது நாள் முன்னறிவிப்பு தராததால் ஒப்பந்தம் நேற்றே தானாகப் புதுப்பிக்கப்பட்டு மறுபடி சாவு ஒப்பந்தமாகிவிட்டது, இருபத்துநான்கு மாதம், பழைய கட்டணத்திலேயே. பாக்கி மூவாயிரத்து எழுபத்திரண்டு டாலர், அக்காவிடம். அவசரமில்லை என்று சொல்லுங்கள்.