அறுத்துவிட்ட சிவப்பு விளக்கு

தகரம் பறந்து வருகிறது. பின்னால் இன்னொன்று.

"குனிங்க அண்ணி! குனிங்க!"

என் கொழுந்தன் வேலு கத்துகிறான். காரை ஓட்டுவது அவன். பின் சீட்டில் நான். என் மடியில் என் வீட்டுக்காரர் தனசேகரின் கால். தொடையில் கட்டிய துண்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறேன். துண்டு நனைந்துவிட்டது. மழையால் அல்ல.

கார்த்திகை மாதம். மதியம். ஆனால் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டு. பிள்ளைச்சாவடியிலிருந்து புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். படகை மேட்டில் இழுத்துக் கட்டப் போனவரைத் தகரம் வெட்டியது. செல்போனில் டவர் இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை. இருந்தது வேலுவின் பழைய கார் மட்டும்.

புயலைப் போர் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் தெருவில் அன்று நின்றிருந்தால் சிரிக்க வாய் இருந்திருக்காது.

காற்றின் சத்தத்தை எழுதி வைக்கிறேன். காலையில் விசில். பிறகு பக்கத்தில் லாரி உறுமுகிற மாதிரி. மதியத்துக்குள் காது அடைத்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் கத்தினால்தான் கேட்கும். இந்தச் சத்தம் முக்கியம். அதற்குக் காரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

புரட்டாசியில் ஒரு வேகத்தடையில் காரின் அடிவயிறு இடித்தது. என்ஜினுக்குக் கீழே ஆயில் நிற்கிற தொட்டி கீறிக்கொண்டது. சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆயில் பிரஷர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். விடவில்லை. நடுக்கடலில் என்ஜினைப் பிரித்து மாட்டுகிறவர்கள் எங்கள் ஆட்கள். கரையில் வந்து அடுத்தவனிடம் கொடுத்தால் கௌரவம் என்னாவது?

முதலில் அண்ணனும் தம்பியும் துணி சோப்பைப் பிசைந்து கீறலில் அப்பினார்கள். கரைந்துவிட்டது. அடுத்து ஃபைபர் படகில் ஓட்டை அடைக்கிற ரெசினையும் நார்த்துணியையும் ஒட்டினார்கள். ஒழுகல் நின்றது. பிறகு படகு என்ஜினுக்கு ஊற்றுகிற கெட்டி ஆயிலை ஊற்றினார்கள். கெட்டியாக இருந்தால் பிரஷர் ஏறுமாம். ஏறியது. என்ஜின் சூடானதும் விளக்கு மறுபடி எரிந்தது.

அதன் வயரை அறுத்தார்கள்.

படகில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். உப்புக் காற்றில் வயர் அரித்துவிடும். விளக்கு சும்மாவே எரியும். அதைப் பார்த்துப் பயந்தால் தொழிலுக்குப் போக முடியாது. படகில் என்ஜின் காலடியிலேயே கிடக்கும். ஆயில் குறைந்தால் கட்கட்டென்று அடிக்கும். காதில் விழுந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

"நமக்குக் காதுதான் அண்ணி வெளக்கு," என்றான் வேலு. கட்டிங் பிளேயரை எடுத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டே கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோட்டக்குப்பத்துக்கு முன்னால் ரோட்டில் மரக்கிளை. நிறுத்த நேரமில்லை. வேலு ஏற்றி இறக்குகிறான். அடியில் ஏதோ கிழிகிறது. ஒட்டிய ரெசின் பெயர்ந்திருக்க வேண்டும். அப்போது யாருக்கும் தெரியவில்லை. விளக்கு எரியவில்லை. எப்படி எரியும்? கட்கட் சத்தம் வந்திருக்கும். வந்திருக்கத்தான் வேண்டும். காற்று அதை விழுங்கிவிட்டது.

டங். ஒரே ஒரு சத்தம். அது மட்டும் கேட்டது. கார் நின்றுவிட்டது. வேலு சாவியைத் திருப்புகிறான். டிக். மறுபடியும் டிக். என்ஜின் இறுகிவிட்டது.

"மரம் சாயுது! எறங்குங்க! எறங்குங்க!"

எதிரே சிமெண்ட் கடை பாய் கத்துகிறார். அவரே ஓடி வந்து இவரைத் தோளில் வாங்குகிறார். மூட்டை ஏற்றுகிற தள்ளுவண்டியில் படுக்க வைக்கிறோம். வேலு முன்னால் இழுக்கிறான். பாய் பின்னால் தள்ளுகிறார். நான் துண்டை விடாமல் கூடவே ஓடுகிறேன். விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் போகிறோம். காரில் கொஞ்ச நேரத்து வழி அது.

"தண்ணி," என்கிறார் இவர். வாயில் மழைதான் விழுகிறது. அவர் விரல் என் வளையலைப் பிடித்திருக்கிறது.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு தாண்டியதும் அந்த விரல் தளர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. வேலு இழுத்துக்கொண்டிருந்தான். சொன்னால் அங்கேயே விழுந்துவிடுவான். இழுக்கட்டும் என்று விட்டேன். பாய் என் முகத்தைப் பார்த்தார். அவரும் சொல்லவில்லை. மூன்று பேரும் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஓடினோம்.

மழை விட்ட பிறகு ஒரு மெக்கானிக் காரைப் பார்க்க வந்தார். தொட்டியில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. அறுந்த வயரைச் சேர்த்துச் சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. வேலு பக்கத்தில்தான் நின்றான். அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. கடலுக்கும் போவதில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. இருந்தும் சோறு போடுகிறேன். தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். வயரை அறுத்தது ஒரு கை, பிளேயரைக் கொடுத்தது இன்னொரு கை. யாரிடம் சண்டை போடுவது?

இதை எல்லோருக்கும் சொல்கிறேன். அந்த விளக்கு எரிந்தால் வண்டியை நிறுத்துங்கள். அறுக்காதீர்கள்.

கணக்கு இது. கட்டாமல் விட்ட படகு போனது. அதிலிருந்த வலை போனது. காரின் என்ஜின் போனது. வேலுவின் பேச்சு போனது. என் வீட்டுக்காரர் தனசேகர் போனார்.

விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நன்றாகத்தான் இருக்கிறது.