கடுகுக்கு நடுக்கம் வருது

இல்ல தம்பி, இந்த வீடியோ கேம் மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டா எப்படி? நல்லா பாருங்க. பின்பக்கம் கழட்டிப் பாத்தாச்சா? உள்ள ஊதினீங்களா? பட்டன் எல்லாம் அமுக்கிப் பாத்தீங்களா? எல்லாம் சரியா இருக்குன்னா, அப்புறம் எங்க கடுகுக்கு மட்டும் ஏன் தம்பி வலிப்பு வருது?

கடுகு யாரா... அது சரி, அதச் சொல்லாம நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். உள்ளதான் இருக்கு, ஆன் பண்ணுங்க. தோ... பாத்தீங்களா? காதுக்குப் பதிலா ரெண்டு இலை, வயித்துல ஒரு வெள்ள வட்டம். இந்த விளையாட்டுல முதல் ஊர்லயே ஒரு அம்மா மூணு கூடைய வெச்சுக்கிட்டு நிப்பாங்க இல்ல, ஒரு குட்டிய எடுத்துக்கோன்னு? மத்த ரெண்டும் என்னப் பாத்து மொறச்சுதுங்க. இது பாட்டுக்குத் தூங்கிட்டிருந்துது. எடுத்துட்டேன். குழந்தைங்க வார்டுல நர்ஸ் தம்பி நான், எனக்குத் தலை நரைச்சதே அங்கதான். தூங்கற குழந்தைன்னா எனக்கு உசுரு.

நீங்களும் ஆடியிருக்கீங்களா? அதான் சிரிக்கறீங்க. அப்ப உங்களுக்கே தெரியும், இது ஒரு நாள் ரெண்டு நாள்ல முடியற சமாச்சாரமா? காடு, மலை, குகைன்னு நடையா நடக்கணும். புதர்ல கால வெச்சா ஏதாவது ஒண்ணு மேல பாயும். அத அடக்கணும், பிடிக்கணும், பிடிச்சத வளக்கணும். ஊருக்கு ஊர் ஒரு சண்டியர் வழிய மறிச்சுக்கிட்டு நிப்பான், அவன ஜெயிக்கணும். வேலைக்குப் போற பஸ்ல சும்மா ஆட ஆரம்பிச்சவ, இப்பல்லாம் ஆஸ்பத்திரி ஸ்டாப்ப விட்டுட்டு கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிடறேன். கண்டக்டரே 'இறங்குங்கம்மா, ஆஸ்பத்திரி வந்துடுச்சு'ன்னு எழுப்பற மாதிரி சொல்றாரு. எங்க வீட்டுக்காரர் ஒரு நாள் ஜுரம்னு படுத்திருந்தாரு. 'கொஞ்சம் பொறுங்க, கடுகுக்கு மருந்து குடுத்துட்டு வரேன்'னு சொல்லிட்டேன். அத இன்னி வரைக்கும் வர்றவங்க போறவங்க கிட்டயெல்லாம் சொல்லிக் காட்டறாரு மனுஷன்.

எல்லாத்துக்கும் காரணம் எங்க நாத்தனார். தையல் கடை வெச்சிருக்கா. அவ பையன் அவளுக்குப் புதுசு வாங்கிக் குடுத்தான். பழச என் தலைல கட்டிட்டா. கட்டினாளே, வாய மூடிக்கிட்டுக் கட்டினாளா? 'அண்ணி, உங்களுக்கு இதெல்லாம் வராது, சும்மா பொழுது போகட்டும்'ன்னா. வராதாமே! கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அவளுக்கும் எனக்கும் இதே கதைதான். அவ கோலிக்குண்டு அளவுக்குப் பூப்போட்டுத் துணி தைச்சா, நான் அதவிட நுணுக்கமா பட்டாணி அளவுக்குப் பூப்போட்டு ஸ்வெட்டர் பின்னுவேன். ஒருத்திய ஒருத்தி நல்லா இருக்குன்னு சொன்னதே கிடையாது. விடுங்க, அது வேற.

அவ வளக்கறாளே ஒண்ணு, அதுக்கு ஏதோ அழகா பேரு வெச்சிருக்கா. நான் பீரோன்னுதான் சொல்லுவேன். கதவு மாதிரி நெஞ்சு, மேல ரெண்டு கொம்பு, மூச்சு விட்டா புகை. அதுவும் ஆரம்பத்துல குட்டியாத்தான் இருந்துது, என் கண்ணால பாத்திருக்கேன்! கடுகும் அதுவும் ஒரே வாரத்துல எடுத்ததுங்க. கடுகுக்குக் கீழ லெவல் நம்பர் மட்டும் ஏறிக்கிட்டே போகுது, உடம்பு மட்டும் ஏறல. நான் என்ன பட்டினியா போட்டேன்? காட்டுல இருக்கற பழம் பூரா பறிச்சு ஊட்டியிருக்கேன் தம்பி.

ஆமா... அவசரம்தான். அதச் சொல்லலயே. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு ஹால்ல ரெண்டு மெஷினையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு மோத விடறோம். பந்தயம். தோத்தவ, ரொம்ப ஆசையா வளக்கறத ஜெயிச்சவளுக்குக் குடுத்துடணும். குடுத்தா குடுத்ததுதான், திரும்பக் கேக்கக் கூடாது. பந்தயம் கட்டினது யாரா? அது வந்து... நான்தான். கோவத்துல வாய விட்டுட்டேன். போன வாரம் சும்மா ஒரு ஒத்திகை பாத்தோம். பீரோ ஒரு தும்மல் தும்முச்சு. அவ்வளவுதான், கடுகு மயங்கி விழுந்துடுச்சு. தும்மல் தம்பி! அடிகூட இல்ல! அவ முன்னாடி காட்டிக்கல, ஆனா சமையலறைல போய் நின்னு அழுதேன். அழுதா என்ன? இது இல்லாம எப்படி தம்பி இருப்பேன்?

ஆங்... வலிப்பு! அதுக்குத்தான வந்தேன். எதுலயாவது ஜெயிச்சு முடிச்சா போதும், வழக்கமான பாட்டு நின்னுடும். வேற ஒரு பாட்டு வரும். கடுகு அப்படியே நடுங்கும். உடம்பெல்லாம் வெள்ளையாயிடும். விட்டு விட்டு மின்னும்... பெருசாகும், சின்னதாகும், பெருசாகும்... முதல் தடவ எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இருக்கற பட்டன் பூரா அமுக்கினேன். இந்தச் செவப்புப் பட்டன்ல விரல் பட்டதும் நின்னுது. அப்பாடா! அதுலேர்ந்து நடுக்கம் வந்தா உடனே செவப்புப் பட்டன். ஒரு தடவகூட விட்டதில்ல. எண்ணெய்க் கையோடல்லாம் ஓடி வந்து அமுக்கியிருக்கேன். பட்டன் பிசுபிசுன்னு இருக்குன்னீங்களே, அது அதான்.

எழுத்தா? ஏதோ வரும் கீழ, நான் படிச்சதில்ல. குழந்தை துடிக்கும்போது நர்ஸ் உக்காந்து படிச்சுக்கிட்டா இருப்பா?

என்ன தம்பி, ஸ்க்ரூடிரைவரக் கீழ வெச்சுட்டீங்க? ...என்ன? ...திரும்பச் சொல்லுங்க. ...வலிப்பு இல்லயா? வளர்றதா? ...அதுதான் வளர்ற நேரமா? அப்ப செவப்புப் பட்டன அமுக்கினா... 'வளராத'ன்னு அர்த்தமா!

ஐயையோ. ஐயையோ... மாசக்கணக்கா குழந்தை வளரப் பாத்திருக்கு, நான் ஒவ்வொரு தடவையும் தலைல தட்டி உக்கார வெச்சிருக்கேன்! காப்பாத்திட்டேன் காப்பாத்திட்டேன்னு மார் தட்டிக்கிட்டு வேற இருந்தேன். பாவம், நாத்தனாரயும் என்ன பேச்சு பேசிட்டேன். பழுதான மெஷின வேணும்னே குடுத்துட்டான்னு வார்டு பூரா சொல்லி வெச்சிருக்கேனே. டாக்டரம்மாவே 'அப்படியா, மோசமாச்சே'ன்னாங்க!

இருங்க, இன்னும் கெட்டுப் போகல இல்ல? அடுத்த தடவ ஜெயிச்சாலே நடுக்கம் வருமா? சும்மா விட்டுடணுமா? அவ்வளவுதானா! குடுங்க இப்படி. தோ, புதர்ல ஒரு வண்டு... அடி கடுகு, போடு... விழுந்துடுச்சு! பாட்டு நிக்கப் போகுது. இந்தாங்க, நீங்க பிடிங்க, என் கட்டைவிரல நம்ப முடியாது. ...இருங்க இருங்க! அதுக்குள்ள ஒண்ணு கேக்கணும். வளந்தா எப்படி இருக்கும்? உங்க போன்ல படம் இருக்கா, காட்டுங்க...

இதுவா? இலை எங்க? ஒரே முள்ளா இருக்கு... பல்லு வேற. பீரோவத் தூக்கிப் போட்டுடும்ங்கறீங்களா. போட்டுடும் போட்டுடும், பாத்தாலே தெரியுது. திரும்பக் குட்டியாக்க முடியுமா? ...முடியாதா. ம். வளரலன்னா ஞாயித்துக்கிழமை அவ கைக்குப் போயிடும். அவ அன்னிக்கே வளத்துடுவா. நான் வளத்தா ஜெயிப்பேன், ஆனா இந்தக் குட்டிக் கடுகு இருக்காது. எப்படிப் பாத்தாலும்...

வந்துடுச்சு. நடுங்குது. வெள்ளையாயிடுச்சு தம்பி... குடுங்க. குடுங்கன்னா!

...அமுக்கிட்டேன்.

இல்ல, கை தவறிப் படல. இந்தத் தடவ தெரிஞ்சேதான் அமுக்கினேன். வார்டுல எத்தன குழந்தைங்கள, 'நல்லா வளந்துடு கண்ணு, இந்தப் பக்கமே வராத'ன்னு வாசல் வரைக்கும் போய் அனுப்பியிருக்கேன்! சொன்ன மாதிரியே ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. சந்தோஷம்தான், நல்லா இருக்கட்டும். ஆனா ஒண்ணாவது இப்படியே என் கூட இருந்துட்டுப் போகட்டுமே தம்பி. யாருக்கு என்ன நஷ்டம்?

ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்றதா? இருங்க, அவளுக்கே போன் போடறேன். ...ஹலோ, நான்தான். மெஷின் நல்லாத்தான் இருக்காம். ஆமா, நான்தான் தப்பா சொல்லிட்டேன்... பந்தயம் வேண்டாம்டி. ...ஆமா, தோத்துட்டேன்னே வெச்சுக்கோ. கடுகத் தரமாட்டேன், வேற என்ன வேணா கேளு. ...உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். ...என்னது? அதச் சொல்லணுமா? இப்பவேவா? கடைல நிக்கறேன்டி, ஆளுங்க இருக்காங்க... அவங்க காதுலயும் விழணுமா. சரி. தம்பி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.

எங்க நாத்தனார்தான் கெட்டிக்காரி! ...போதுமா? ...விழுந்துச்சு விழுந்துச்சு, கடை பூரா விழுந்துச்சு, வாசல்ல ஒருத்தரு சைக்கிள நிறுத்திட்டுப் பாக்கறாரு. வெச்சுடு.

சிரிச்சது போதும் தம்பி. மூடறதுக்கு முன்னாடி அந்தச் செவப்புப் பட்டன நல்லா தொடச்சு, இறுக்கமா பொருத்திக் குடுங்க. இனிமேதான் அதுக்கு வேலை ஜாஸ்தி.