ஷிப்ட் மாறும் ஞாயிறு

திங்கட்கிழமை காலை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஒரகடம் போகும் ஷேர் ஆட்டோ ஆள் சேரக் காத்திருந்தது. எனக்கு எதிரே கம்பெனி யூனிபார்மில் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

“எங்க வூட்டுக்காரருக்கு ஷிப்ட் மாறுற ஞாயித்துக்கிழமைன்னா, எங்க தெருவுல எல்லா வண்டியும் பளபளன்னு ஆயிடும்.”

“ஷிப்டுக்கும் வண்டிக்கும் இன்னாக்கா?”

“ஒரு வாரம் நைட் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை காலையில வருவாரு. மறுநாள் காலையில ஆறு மணி ஷிப்ட். பகல்ல படுத்தா ராத்திரி தூக்கம் வராது. பிரஸ் மிஷின்ல வேலை, கண்ணு சொக்குனா விரலு போயிடும்.”

“அதுக்காக நாள் பூரா முழிச்சிகினா இருக்காரு?”

“குந்துனா தூங்கிடுவேன்னு பக்கெட்டும் துணியுமா கெளம்பிடுவாரு. வூடு வூடாப் போயி வண்டி கழுவுவாரு. யாரு சேர் போட்டாலும் உக்கார மாட்டாரு. சோறு கூட நின்னுகினேதான். ராத்திரி ஒம்போது ஆனாதான் வூட்டுக்குள்ள காலு வைப்பாரு. மூணு வருஷமா இப்படித்தான்.”

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். “எந்தத் தெருக்கா அது?”

இளையவள் சிரித்துவிட்டாள். “அப்போ உங்க வூட்டு வண்டியும் புதுசாட்டம் இருக்கும்க்கா.”

“அத மட்டும் தொட மாட்டாரு. அது எங்க வாசல்ல நிக்குது. அங்க நின்னா கதவு வழியா கட்டில் தெரியுமாம்.”

“அய்யோ, அது சேறாவே கெடக்குதா?”

“அவரு அசந்து தூங்குனப்புறம் நான்தான் சத்தம் போடாம தொடைச்சி வைப்பேன். காலையில அதுலதானே அவரு வேலைக்குப் போவணும்.”