இழுப்பறையில் இருந்த மனுக்கள்

மனுவில் புகைப்படத்தைப் பசை தடவித்தான் ஒட்ட வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கறார். ஸ்டேப்ளர் பின் அடித்தால் எப்படியும் ஒரு கம்பி நெற்றியிலோ கன்னத்திலோ ஏறிவிடும். ஏற்கெனவே உடம்புக்கு முடியாதவர்கள், முகமாவது காயமில்லாமல் இருக்கட்டும் என்று என் மேசையிலேயே பசைப்புட்டி வைத்திருந்தேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நாளைக்கு என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்வார்கள்.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூட்டுவலிக்கு முப்பது வருஷமாகப் போட்டுவரும் ஊசி மருந்து ஒன்று இருக்கிறது. கல்லீரலில் புற்று முற்றி, இனி வைத்தியமில்லை என்று கைவிட்டவர்களில் சிலருக்கு அது கேட்கிறது என்று எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். எல்லாருக்கும் கேட்காது. பத்துப் பேரில் மூன்று பேருக்குக் கேட்கும். ஆனால் மூட்டுவலி மருந்தைப் புற்றுக்குக் கொடுப்பது சோதனை முறை என்பதால், மூன்று டாக்டர்கள் கொண்ட குழு ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக அனுமதி தர வேண்டும். அந்த மனுக்களை வாங்கிச் சரிபார்த்துக் குழுவுக்கு அனுப்பும் குமாஸ்தா நான். போய்ச் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தங்கமானவர்கள், அவர்கள்மேல் குற்றமில்லை.

எப்போது போய்ச் சேரும் என்பது மட்டும் என் கையில் இருந்தது.

நான் எந்த மனுவையும் கிழிக்கவில்லை, தொலைக்கவில்லை. எடை எழுதாமல் வந்ததைத் திருப்பினேன். எடை எழுதிக் கொண்டுவந்தால், சாட்சிக் கையெழுத்து கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது என்றேன். குறையே சொல்ல முடியாதபடி வந்தால் இடதுபக்க இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். விசாரிக்க வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். ஒருவரிடமும் முகம் சுளித்ததில்லை.

பஸ் டிரைவரின் மகளைச் சொல்ல வேண்டும். டிரைவர் ஓய்வுபெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகள் துணிக்கடையில் வேலை பார்த்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் தினமும் ஓடிவருவாள்.

"அக்கா, அப்பா பேரு உள்ள போயிடுச்சாக்கா?"

"போயிடும்மா. நீ தைரியமா இரு."

"டாக்டர் ரெண்டு மாசம் தாங்கினா பெருசுன்னுட்டாரு. அதுக்குள்ள வந்துடும்ல?"

"அதெல்லாம் வந்துடும்."

ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தாள். "அப்பா சொல்றாருக்கா, அவரு ஒருநாளும் வண்டிய லேட்டா எடுத்ததில்லையாம். இப்ப ஆளெல்லாம் ஏறி உக்காந்தாச்சு, கண்டக்டரம்மா ஏன் இன்னும் விசில் குடுக்கலன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

நானும் சிரித்தேன். நல்ல மனுஷர்.

பிறகு ஒருநாள் அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. மனுவை வெளியே எடுத்து, சிவப்பு மையில் 'மனுதாரர் காலமானார்' என்று எழுதி, முடிந்த மனுக்களின் கட்டோடு சேர்த்தேன்.

அவள்தான் என்னைக் காட்டிக்கொடுத்தாள், அதுவும் தெரியாமல். அப்பாவுக்கு மருந்து கிடைக்காவிட்டாலும் அனுமதிப் பிரிவு அக்கா கூடப் பிறந்தவள்போல ஆறுதல் சொன்னார், அவருக்கு நன்றி என்று எங்கள் கண்காணிப்பாளருக்குக் கடிதம் போட்டிருந்தாள். என்னைப் பாராட்டத்தான் அவர் அந்த மனுவைக் கொண்டுவரச் சொன்னார். வந்து முப்பத்தைந்தாவது நாள் டிரைவர் இறக்கும்வரை அது குழுவுக்குப் போகவே இல்லை என்று அப்போதுதான் பார்த்தார். பிறகு மற்ற மனுக்களையும் எடுத்தார். கடந்த ஒரு வருஷத்தில் வந்தவை மொத்தம் பதினேழு. குழுவுக்குப் போன எட்டும் சரியாக நாற்பத்தொரு நாள் கழித்துப் போயிருந்தன. மீதி ஒன்பது பேர் அதற்குமுன் இறந்திருந்தார்கள்.

"அது என்னம்மா நாப்பத்தொண்ணு?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரருக்கும் இதே நோய். அவர் மனு இதே மேசையில் நாற்பத்தொரு நாள் கிடந்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அப்போதிருந்த குமாஸ்தா நீண்ட விடுப்பில் போயிருந்தார், அவ்வளவுதான். அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

இனி ஒருவரும் இப்படிக் காத்திருக்கக் கூடாது என்று நானே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் இது. எல்லாரும் நெகிழ்ந்துபோனார்கள். நானும் மனதாரத்தான் கேட்டேன். முதல் மனு ஒரு முடிதிருத்துபவருடையது. இரண்டே நாளில் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து மனைவியோடு நன்றி சொல்ல நடந்தே வந்தார். அந்த அம்மா என்னிடம் அலுத்துக்கொண்டார். "வெயில்ல நடக்காதீங்கன்னா கேக்கறாரா பாருங்க. இவரோட மாரடிச்சே என் காலம் போயிடும் போல."

அவர்கள் நன்றி சொன்னதை என்னால் தாங்க முடிந்தது. அந்த அலுப்பைத்தான் தாங்க முடியவில்லை.

பொறாமை என்று நீங்கள் எழுதுவீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. என் வீட்டுக்காரர் காத்திருந்த அளவு எல்லாரும் காத்திருக்கட்டும், அதற்குமேல் ஒரு நாளும் வேண்டாம். கண்காணிப்பாளரின் சொந்த மைத்துனருக்கும் அதே நாற்பத்தொன்றுதான். ஆளைப் பார்த்து நான் எதுவும் செய்யவில்லை. அந்த ஒன்பது பேரில் எப்படியும் ஆறு பேருக்கு மருந்து கேட்டிருக்காது. மற்ற மூன்று பேர் யார் யார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒன்பது பேருக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போடுகிறேன்.

இங்கே ஸ்டேஷனுக்கு வரும்போது வெளியே பெஞ்சில் டிரைவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். பழக்கதோஷம்.

"எங்கப்பா உங்களுக்கு என்னக்கா பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணலம்மா. இன்னும் ஆறே நாள்தான் இருந்துச்சு, அதுக்குள்ள அவசரப்பட்டுட்டாரு."

ஆறுதலாகத்தான் சொன்னேன் ஐயா. அவள் ஏன் அப்படிப் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள் என்று எனக்குப் புரியவில்லை.